தடுப்புச்சுவருக்கு ஓட்டை வேண்டும்

தடுப்புச்சுவர் கட்டிவிட்டால் வீட்டுக்குப் பயமில்லை என்று எங்களுக்குச் சொல்லாத ஆள் கிடையாது. கான்ட்ராக்டர் சொன்னார், என் கணவரின் அண்ணன் சொன்னார், உறவுக்காரர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். சுவருக்குப் பின்னால் இறங்குகிற தண்ணீர் எந்த வழியாக வெளியே வரும் என்று கேட்டது நான் ஒருத்திதான். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா" என்று வாயை அடைத்துவிட்டார்கள்.

வீடு குன்னூரில். சரிவை வெட்டிச் சமன்செய்த மனை. பின்னால் செம்மண் மேடு, அதைத் தாங்கத்தான் சுவர். மேட்டின்மேல் இன்னொரு வீடு. மலையில் வீடு வைத்திருக்கும் உங்களுக்கும் அமைப்பு இதேதான்.

2009 நவம்பர் மழையை நீலகிரிக்காரர்கள் மறக்கமாட்டார்கள். கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எங்கள் சுவர் அந்த மழையில்தான் போனது. நடுப்பகுதி வயிறு தள்ளியிருப்பதை முந்தின நாளே பார்த்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். இவ்வளவு செலவு செய்து கட்டிய சுவர் எங்கே போகப்போகிறது என்று அதற்கும் பேச்சு வாங்கினேன். சுவர் சமையலறை மேல்தான் சாய்ந்தது.

மண்ணை அள்ளும்போது உடைந்த துண்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். தண்ணீர் வெளியேற பிவிசி பைப் வைத்திருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பூச்சு வேலையில் சுவர் மொழுமொழுவென்று தெரிய வேண்டுமென்று, ஒவ்வொரு பைப்பின் வாயிலும் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைத் திணித்து, மேலே கலவை அடித்து மூடியிருந்தார்கள். பின்பக்கம் ஜல்லி இருக்க வேண்டிய இடத்தில் வெட்டிய செம்மண்ணையே கொட்டியிருந்தார்கள். ஜல்லிக்கு எங்களிடம் காசு வாங்கியிருந்தார்கள்! 10 அடிச் சுவரின் பின்னால் தண்ணீர் விளிம்புவரை நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் தண்ணீர் மட்டுமே சுமார் 4.5 டன் விசையோடு தள்ளும். மண்ணின் தள்ளல் தனி. கம்பி இன்னும் கூடப் போட்டிருக்கலாம் என்று கணவரின் அண்ணன் இன்றைக்கும் சொல்கிறார். கம்பிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தண்ணீர் வெளியேறியிருந்தால் அந்தச் சுவர் நின்றிருக்கும்.

எனவே 3 அங்குலப் பைப், 5 அடிக்கு ஒன்று, வரிசை மாற்றி, வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக. பின்னால் முழு உயரத்துக்கும் ஜல்லி. ஜல்லி கொட்டும்போது நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். நாள் முழுக்க மழை பெய்தும் பைப் காய்ந்து கிடந்தால் அடைப்பு என்று சந்தேகப்படுங்கள். கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது.

அடுத்தது மேல்வீடு. 1,000 சதுர அடிக் கூரையில் 10 செ.மீ. மழை விழுந்தால் 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். அவ்வளவையும் எங்கள் மேட்டின் தலையில் விட்டுக்கொண்டிருந்தார்கள், செப்டிக் டேங்க் கசிவு வேறு. பக்கத்து வீட்டோடு எதற்குப் பகை என்று வீட்டில் என்னை அடக்கினார்கள். சுவர் விழுந்த பிறகுதான் அவர்கள் பைப் போட்டு ஓடைக்குக் கொண்டுபோனார்கள். சண்டை வந்தாலும் பரவாயில்லை, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மற்றதெல்லாம் தெரிந்ததுதான்: மேட்டின் உச்சியில் சிமெண்ட் வாய்க்கால், மேட்டில் வெடிப்பு விழுந்தால் அடைக்கக் களிமண்ணும் மூடத் தார்ப்பாயும், சரிவில் வெட்டிவேர், அடிவாரத்தை ஜேசிபி வைத்துத் தோண்டக் கூடாது. கதவு திடீரென்று இறுகினாலோ, மின்கம்பம் சாய்ந்தாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

புதுச் சுவரைக் கருங்கல்லில் கட்டி, பூசாமல் விட்டிருக்கிறேன். பார்க்க நன்றாக இல்லை என்கிறார்கள். ஒவ்வொரு பைப்பும் கண்ணுக்குத் தெரிகிறது, எனக்கு அது போதும். கடைசித் தவணையை ஒரு மழைக்காலம் முடிந்த பிறகுதான் கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத கான்ட்ராக்டரை வேலைக்கே வைக்காதீர்கள்.