இரண்டு மணி நேரப் பறப்பு, ஆறு மணி நேரச் சோறு

போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம், இல்லையென்றால் கொஞ்சம் கூடுதல். இந்த இரண்டு மணி நேரத்தை மட்டும் மனதில் வைத்துப் பை கட்டுகிறவர்கள்தான் குழந்தையோடு திண்டாடுகிறார்கள். வீட்டுக் கதவைப் பூட்டி, லம்பா லைன் விமான நிலையத்தில் வரிசையில் நின்று, ஏறி, இறங்கி, பெட்டி வந்து சேர்ந்து, சென்னையில் சொந்தக்காரர் வீட்டு வாசலை மிதிக்கும்வரை ஆறேழு மணி நேரம் ஓடிவிடும். நடக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு ஆகாயத்தில் பறப்பது ஒரு பொருட்டே இல்லை. காத்திருப்பதும், இறங்கி ஓட முடியாமல் ஒரே மடியில் கிடப்பதும்தான் அதற்குப் பெரிய தண்டனை.

"குழந்தை கொஞ்சம் பெரிசாகட்டும், அப்புறம் பறக்கலாம்" என்று ஊர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லலாம். தீவில் இருக்கும் எங்களுக்கு அது கட்டுப்படியாகாது. கல்யாணம், காதுகுத்து, குலதெய்வத்துக்கு முடி இறக்குவது, பெரிய வைத்தியம் என்று எதற்கும் "மெயின்லேண்ட்" போயாக வேண்டும். 2024-இல் ஊர்ப் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிய பிறகும் எங்கள் வாயில் போர்ட் பிளேர் இருப்பதைப் போல, தமிழ்நாடு எங்களுக்கு எப்போதும் மெயின்லேண்ட்தான்.

என் மாமியார் கப்பல் தலைமுறை. அக்பர், ஹர்ஷவர்த்தனா என்று கப்பல் பெயர்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பெயர் மாதிரி சொல்வார். சென்னைக்கு மூன்று நாள் ஆகும். "கப்பல்ல புள்ளைய எறக்கி விட்டா அது பாட்டுக்கு வெளையாடும். ரெண்டு மணி நேரத்துக்கு இம்புட்டு மூட்டை எதுக்கும்மா?" என்பார். "அதுல எறக்கி விடலாம் அத்தை, இதுல முடியாதே" என்பேன். கப்பல் இன்றும் ஓடுகிறது, தீவுக்காரர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. இரண்டு வயதுப் பிள்ளையோடு மூன்று நாள் கடலில் இருக்க எனக்குத் துணிவில்லை, அவ்வளவுதான்.

டிக்கெட் போடும்போது எல்லோரும் விலையைப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது சூரியனை. கடிகாரம் நாடு முழுக்க ஒன்றுதான் என்றாலும் தீவில் சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் முந்தி உதிக்கிறது. ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் பளிச்சென்று விடிந்துவிடும். நவம்பரில் மாலை ஐந்துக்கே இருட்டு கட்டும். இங்கே வளரும் பிள்ளை நாலரை மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்ளும், பத்து மணிக்குச் சொக்கும், இரவு ஏழுக்குள் தூங்கிவிடும். மகளின் அந்தப் பத்து மணித் தூக்கம் விமானம் மேலேறிய பிறகு வருகிற மாதிரி நேரம் கிடைத்தால், ஆயிரம் ரூபாய் கூட ஆனாலும் அந்த டிக்கெட்டைத்தான் எடுப்பேன். சென்னையிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் விமானம் மலிவாக இருக்கலாம். ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையை எழுப்ப வேண்டும். அந்தத் தூக்கக்கேட்டை அது மறுநாள் இரவு வரை நம்மிடம் வசூலிக்கும்.

அடுத்தது காது. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. மேலே பறக்கும்போது ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம், ஏறக்குறைய ஊட்டி. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது காது அடைத்துக்கொள்ளுமே, அதே கதைதான் இங்கேயும், அரை மணி நேரத்துக்குள். தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சிறு குழந்தைக்குக் குறுகலாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால் அழுத்தம் சட்டென்று சமமாவதில்லை. விழுங்கினால் குழாய் திறக்கும். ஆகவே பாலோ தண்ணீரோ குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. காது அதிகம் வலிப்பது ஏறும்போது இல்லை, இறங்கும்போது. ஓடுபாதையில் சக்கரம் உருளத் தொடங்கியதுமே பால் புட்டியை நீட்டி, குழந்தையும் வயிறு முட்டக் குடித்துத் தூங்கிவிட்டால், இறங்கும் நேரத்தில் கொடுக்க ஒன்றும் இருக்காது, கொடுத்தாலும் குடிக்காது. பாதிப் பாலை இறக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தரை தொடுவதற்கு அரை மணி முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும். தூங்கும் பிள்ளையை அப்போது மெல்ல எழுப்பிவிடுவது நல்லது, தூக்கத்தில் விழுங்குவது குறைவு. பெல்ட் விளக்கு எரிந்த பிறகு பையைத் துழாவக் கூடாது, புட்டி கையில் இருக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்தக் கவலையெல்லாம் பாதிதான். ஒரு மெல்லிய துப்பட்டா போதும்.

காதில் பஞ்சு வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டிலும் வைக்கச் சொல்வார்கள். சத்தம் சற்றுக் குறையும், வலிக்கு உதவாது. அழுத்தம் மாட்டிக்கொள்வது செவிப்பறைக்கு உள்பக்கம். பெரியவர்கள் மனம் கோணாமல் இருக்க வாசலில் வைத்து, ஆட்டோவில் எடுத்துவிடலாம். தூங்குவதற்காகச் சளி மருந்து கொடுப்பதைத்தான் கடுமையாக எதிர்க்கிறேன். டாக்டர் சொல்லாமல் அதைத் தொடவே கூடாது. சில பிள்ளைகளுக்கு அது தூக்கத்தைத் தராமல் ஆட்டத்தை ஏற்றிவிடும். கடும் சளியோ காதுவலியோ இருந்தால் கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் காதைக் காட்டிவிடுங்கள். தேவையானால் தேதியை மாற்றுங்கள்.

இப்போது தலைப்பில் சொன்ன சோறு. எங்கள் தீவைச் சுற்றிக் கடல். மழைக்காலத்தில் மேகம் இறங்கி ஓடுபாதை தெரியாமல் போனால், வட்டமடித்துப் பார்த்துவிட்டு வந்த வழியே சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ திரும்பிய விமானங்கள் உண்டு. ஊரை மேலிருந்து பார்த்துவிட்டு மறுபடி மீனம்பாக்கத்தில் இறங்குவது பெரியவர்களுக்கே கண்ணைக் கட்டும். பிள்ளைக்குப் பசிக்கும், அவ்வளவுதான். அதனால் என் கணக்கு எப்போதும் போய்த் திரும்பும் கணக்கு. டயாப்பர், பால் பவுடர், மாற்றுடை எல்லாம் ஆறு மணி நேரத்துக்கு. சாப்பாட்டில் நெய் தடவிய குட்டி இட்லி நான்கு மணி நேரம் தாங்கும், பிறகு புளிப்பு வாடை வரும். அதற்கு மேல் பொரியும் தேன்குழலும். தேன்குழலில் ஒரு கூடுதல் வசதி, ஒன்றைக் கையில் கொடுத்தால் நுனியிலிருந்து நக்கி, உடைத்து, பார்த்து, மறுபடி நக்கிக் கால் மணி நேரம் போக்கிவிடும். வாழைப்பழம் வேண்டாம், பைக்குள் நசுங்கிப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வரைக்கும் ஒட்டிக்கொள்ளும். உள்நாட்டு விமானத்தில் குழந்தைப் பாலையும் உணவையும் தடுக்கமாட்டார்கள். கேட்டால் எடுத்துக் காட்டும்படி மேலாக வைத்தால் போதும்.

எங்களை ஏற்றிப்போக வரும் விமானமும் இப்படித் திரும்பிவிடலாம் என்பதால், சென்னையில் இறங்கிய அன்றே பாண்டியன் எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போடுவதில்லை. ஒரு இரவு சென்னையில் தங்கிவிடுவோம். தீவில் ரயிலே கிடையாது. எழும்பூரில் முதன்முதலாக ரயிலைப் பார்க்கும் பிள்ளை தூங்கி எழுந்த முகத்தோடு பார்க்கட்டுமே.

இரண்டு வயது நிறையும்வரை பிள்ளை மடியில் வரலாம், அதற்கும் ஒரு சிறு கட்டணம் உண்டு. பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். போகும்போது இரண்டுக்குக் கீழே இருந்து, ஊரில் பிறந்தநாள் கொண்டாடிவிட்டுத் திரும்பினால், திரும்பும் டிக்கெட் தனி இருக்கையோடு வேண்டும். மடியில் இருக்கும் பிள்ளைக்குப் பணிப்பெண்கள் தனியாக ஒரு சிறு பெல்ட் தருவார்கள், நம் பெல்ட்டில் கோத்துக்கொள்வது. நம் பெல்ட்டுக்குள்ளேயே பிள்ளையையும் சேர்த்துக் கட்டினால், திடீரென்று குலுங்கும்போது நம் எடை முழுவதும் அதன் மேல் விழும். அக்கா தங்கை இருவரும் ஆளுக்கொரு கைக்குழந்தையோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார ஆசைப்பட்டாலும் நடக்காது. மூன்று இருக்கைக்கு வழக்கமாக நான்கு ஆக்சிஜன் முகமூடிதான் இருக்கும், அதனால் ஒரு பக்கத்துக்கு ஒரு கைக்குழந்தைதான். தனி இருக்கை எடுத்த பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. ஒரே டிக்கெட்டில் வரும் 12 வயது வரையான குழந்தைகளைப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது உட்கார வைக்க வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024-இல் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. கவுன்ட்டரில் பிரித்துப் போட்டால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

நான் எப்போதும் ஜன்னல் பக்கம். வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. நடைபாதை ஓரம் உட்கார்ந்தால் சூடான டீயோடு வண்டி வரும், பிள்ளையின் கை முதலில் அதற்குத்தான் போகும்.

சென்னையில் பாதுகாப்புச் சோதனையில் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றபோது கைக்கருவி அவள் வயிற்றருகே கத்தியது. சோதித்த அம்மா சட்டையை லேசாகத் தூக்கிப் பார்த்து, வெள்ளி அரைஞாண் கொடியைக் கண்டு, "இதுதானா" என்று சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை, கருவியைக் கேட்டு அழுதாள். அன்றிலிருந்து பயண நாளில் கறுப்புக் கயிறுதான். கொலுசும் வேண்டாம். டயாப்பரும் பக்கத்தில் ஒட்டுகிற வகை வேண்டாம், ஜட்டி மாதிரி ஏற்றிவிடும் வகைதான். விமானக் கழிப்பறையில் படுக்கப்போட்டு மாற்றுவதைவிட நிறுத்திவைத்து மாற்றுவது எளிது. ஏறுவதற்குச் சற்று முன் நிலையத்திலேயே ஒருமுறை மாற்றிவிட்டால் பெரும்பாலும் அந்த வேலையும் இராது. 2023-இல் திறந்த சிப்பி வடிவப் புது முனையத்தில் இடம் தாராளம். ஏற அழைக்கும்வரை பிள்ளையை ஓடவிடுங்கள். "ஓடாதே, உட்காரு" என்று அங்கேயே அடக்கி வைத்தால், அடக்கிய ஓட்டமெல்லாம் முன்சீட்டுக்காரர் முதுகில்தான் போய் முடியும்.

தீவுக்குக் குழந்தையோடு வரும் உறவினர்களுக்கு நான் சொல்வது வேறு. இறங்கிய அன்றே ஹேவ்லாக் படகைப் பிடிக்காதீர்கள். விமானம் தாமதமானால் படகு காத்திருக்காது, பிள்ளை விமானத்தில் எடுக்காத வாந்தியைப் படகில் எடுக்கும். ஓர் இரவு போர்ட் பிளேரில் தங்குங்கள். தங்குமிடத்தில் தடித்த திரைச்சீலை இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள், இல்லாவிட்டால் ஐந்து மணிக்கு எல்லோரும் எழுந்துவிடுவீர்கள். கடற்கரையில் மணல் ஈ உண்டு, முழுக்கால் சட்டை எடுத்து வாருங்கள். திரும்பிப் போகும் விமானத்துக்கான பாதிப் பாலை எடுத்து வைக்க மறக்காதீர்கள்.