வாயில்லாச் சீவன்களின் காவலர்

சென்ற ஆண்டு நம் பாடசாலையின் மேற்பிரிவு மாணவருக்கு ‘எதிர்காலத்தில் நான்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தோம். மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர் என்றே பெரும்பாலானோர் எழுதினர். ஒரு மாணவி மட்டும், மாநகரசபையின் விலங்குக் காப்பகத்தில் பராமரிப்பாளராகப் பணிபுரிய விரும்புவதாக எழுதியிருந்தாள். அதனை வாசித்தபோது வகுப்புச் சிரித்தது. உண்மையைக் கூறின், ஆசிரியர்களாகிய நாமும் சிரித்தோம். “நாய்க்கூடு கழுவவா இவ்வளவு பாடுபட்டுப் படிப்பிக்கிறோம்?” என்று அவளுடைய தாயார் பின்னர் நம்மிடம் வருந்தினார்.

நாய் நன்றியுள்ள பிராணி என்று சிறுவகுப்பிலேயே எழுதப் பழக்கும் நாம், அந்நாய்க்கு உணவிட்டு அதன் இருப்பிடத்தைத் துப்புரவு செய்யும் மனிதரை ஏன் தாழ்வாக எண்ண வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காணுமுன் அப்பணி எத்தகையது என்பதை அறிதல் வேண்டும்.

காப்பகம் தோன்றிய வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட அமெரிக்க நகரங்களில் இருந்தவை தெருநாய்களைப் பிடித்து அடைக்கும் பட்டிகளே. உரியவர் வந்து மீட்காத நாய்கள் கொல்லப்பட்டன. நியூயோர்க் நகரில் அவற்றை இரும்புக் கூட்டில் அடைத்து ஆற்றில் அமிழ்த்தும் கொடிய வழக்கமும் இருந்தது. 1866இல் ஹென்றி பேர்க் என்பவர் அந்நகரில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவினார். 1869இல் பிலடெல்பியாவில் கரோலைன் ஏர்ள் வைட் என்னும் அம்மையாரும் அவர்தம் தோழியரும் தனிச் சங்கம் அமைத்து, அலைந்து திரியும் நாய்களுக்குப் புகலிடம் ஏற்படுத்தினர்.

நாம் வாழும் ரொறொன்ரோ நகரில் 1887இல் இத்தகைய சங்கம் ஒன்று தோன்றக் காரணமானவர் ஜோன் ஜோசப் கெல்சோ என்னும் இளம் பத்திரிகையாளர். சிறுவரையும் விலங்குகளையும் ஒருசேரக் காப்பதே அச்சங்கத்தின் நோக்கமாக இருந்தது. சிறுவர்க்கெனத் தனிச் சங்கம் 1891இல் தோன்றுவதற்கும் அவரே முன்னின்றார். தம் துயரை எடுத்துரைக்க இயலாத இரு சாராருக்கும் ஒரே மனிதர் குரல் கொடுத்தமை நாம் கருதத்தக்கது. இன்று ரொறொன்ரோ மாநகரசபை தனது சொந்தக் காப்பகங்களையும் நடத்தி வருகின்றது.

வாயிலில் தொடங்கும் பணி

அலைந்து திரிந்து பிடிபட்ட நாயோ பூனையோ காப்பகத்துக்கு வந்தவுடன், அதன் தோள்பட்டைகளுக்கிடையே ஒரு கருவியை மெல்ல நகர்த்திப் பார்ப்பர். தோலின் கீழே நெல்மணியளவான மைக்ரோசிப் இருப்பின், கருவியின் வானொலி அலையால் அது உயிர்பெற்று ஓர் இலக்கத்தைத் தெரிவிக்கும். உலகத் தரத்தின்படி அது பதினைந்து இலக்கங்களைக் கொண்டது. அதில் மின்கலமும் இல்லை, முகவரியும் இல்லை. வீடு மாறியபின் புதிய முகவரியைப் பதிவகத்துக்கு அறிவிக்கத் தவறினால், அவ்விலக்கத்தாற் பயன் சிறிதே.

உரியவர் தேடி வருவதற்கெனச் சட்டம் தவணை வகுத்துள்ளது. ஒன்ராறியோ மாகாணத்தில் அது பொதுவாகக் குறைந்தது மூன்று நாட்கள். அதன் பின்னரே வேறொருவருக்கு வளர்க்கக் கொடுக்கலாம்.

கழுவுதலில் உள்ள கல்வி

கூடு கழுவுவது அறிவு வேண்டாத வேலை என்று எண்ணுதல் தவறு. நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரசு, நாய் அகன்ற பின்னரும் தரையில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கவல்லது. பராமரிப்பாளரின் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டே அடுத்த கூட்டுக்குச் செல்லும். ஆதலால் ஆரோக்கியமான குட்டிகளின் கூடுகளை முதலிலும், நோயுற்றவற்றின் கூடுகளை இறுதியிலும் துப்புரவு செய்வர். மலத்தையும் அழுக்கையும் முற்றாக அகற்றிய பின்னரே கிருமிநாசினி தெளிக்க வேண்டும். அழுக்கின்மேல் தெளித்தால் அதன் வலிமை குன்றும். தெளித்தவுடன் துடைத்தலும் கூடாது. குறித்த நிமிடங்கள் ஈரமாக விட்டு, பின்னரே கழுவ வேண்டும்.

பூனைகளின் அறையில் முறை வேறு. பீனோல் கலந்த கிருமிநாசினி பூனைக்கு நஞ்சாகும். அதனைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதியளவு இல்லை. மேலும், அடிக்கடி இடம் மாற்றப்படும் பூனை அஞ்சும். அச்சத்தால் உடலில் உறங்கிக் கிடந்த தடிமன் நோய் மீண்டும் தலையெடுக்கும். எனவே அதனைக் கலைக்காது, அழுக்கான இடத்தை மட்டும் துடைப்பர்.

உணவுத் தட்டும் ஒரு பாடநூலே. சில நாட்கள் தொடர்ந்து உண்ணாத பூனையின் ஈரலிற் கொழுப்புப் படிந்து உயிராபத்து நேரலாம். எனவே எவ்வளவு வைத்தோம், எவ்வளவு மிஞ்சியது என்பதைப் பராமரிப்பாளர் அன்றாடம் குறித்து வைப்பார். நோயை இனங்கண்டு மருந்து தருபவர் விலங்கு மருத்துவர். ஆயினும் ‘நேற்றுப்போல் இன்று இல்லை’ என்று முதலில் உணர்பவர் பெரும்பாலும் பராமரிப்பாளரே.

பத்து நாட் கணக்கு

மனிதரைக் கடித்த நாயைப் பத்து நாட்கள் தனிமைப்படுத்திக் கவனிப்பர். ஏன் பத்து நாட்கள்? விசர் நோய்க் கிருமி நாயின் உமிழ்நீரில் வெளிப்படத் தொடங்குவது, நோய்க்குறி தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்னரே. கடித்த அன்று உமிழ்நீரிற் கிருமி இருந்திருப்பின், பத்து நாட்களுக்குள் நாய் நோயுற்றோ இறந்தோ போகும். நலமாக இருப்பின், அக்கடியால் விசர் நோய் பரவவில்லை எனத் தெளியலாம். நோய்க்குறி தோன்றிய பின் மனிதர் பிழைப்பது அரிதினும் அரிது. எனவே பராமரிப்பாளரின் நாட்குறிப்பு, கடியுண்டவரின் உயிர்காக்கும் முடிவுக்கும் துணையாகின்றது.

நெஞ்சை வருத்தும் கடமை

ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. காப்பகத்துக்கு வரும் எல்லா உயிர்களும் வீடு திரும்புவதில்லை. தீரா நோயால் வதைபடுபவையும், மனிதருக்குப் பேராபத்து விளைவிப்பவையும், இடநெருக்கடி மிகுந்த நகரங்களில் வேறு சிலவும் வலியின்றி உயிர் நீக்கப்படுகின்றன. பலநாள் உணவூட்டிய கையே அவ்வேளையில் அதனை அணைத்துப் பிடிக்க நேரிடும். அக்கடைசி நிமிடத்திலும் அது அஞ்சாதிருக்க வேண்டும் என்பதற்காகவே அவர் அங்கே நிற்கிறார். மறுநாட் காலையில் மற்றக் கூடுகளுக்கு உணவு வைக்கவும் அவரே வருகிறார். இதனை இழிந்த தொழில் என எவ்வாறு கூறுவோம்?

பெற்றோருக்கு ஒரு சொல்

அத்துயரைக் குறைக்கும் வழி நம் இல்லங்களிலும் உண்டு. பிறந்தநாட் பரிசாக வாங்கிய நாய்க்குட்டியை, ‘கவனிக்க நேரமில்லை’ என்று சில மாதங்களிற் காப்பகத்தில் விடுவோர் நம்மவரிலும் உளர். பூனை ஆறு மாதம் நிறையுமுன்னரே கருத்தரிக்கக்கூடும். ஏறத்தாழ ஒன்பது வாரங்களிற் குட்டிகள் பல ஈனும். ஆகவே கருத்தடைச் சத்திரசிகிச்சை, தடுப்பூசி, மைக்ரோசிப், மாநகரசபை அனுமதிப்பத்திரம் ஆகியவற்றுக்கான செலவையும், நாளாந்தம் நடைக்குக் கூட்டிச் செல்லும் நேரத்தையும் எண்ணிப் பார்த்த பின்னரே ஓர் உயிரை வீட்டுக்கு அழைத்தல் வேண்டும்.

அன்பு மாணவர்களே! அருள் என்பது தடவிக் கொடுத்தல் மட்டும் அன்று. நாள்தோறும் தவறாது கழுவுதலும், கவனித்தலும், குறித்து வைத்தலுமே அருளின் உண்மை வடிவம். அன்று சிரித்தமைக்காக அந்த மாணவியிடம் நாம் வருத்தம் தெரிவித்தோம். அவளுடைய கட்டுரையை இவ்வாண்டு மீண்டும் வகுப்பில் வாசிக்கச் செய்தோம். இம்முறை எவரும் சிரிக்கவில்லை.

பயிற்சி

1. நோயுற்ற விலங்கின் கூட்டை இறுதியிற் கழுவுவது ஏன்?
2. கடித்த நாயைப் பத்து நாட்கள் கவனிப்பதன் காரணத்தை உம் சொற்களில் விளக்குக.
3. ‘எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வேண்டுமா?’ என்னும் பொருளில் பெற்றோருடன் உரையாடி, இருபக்க நியாயங்களையும் எழுதுக.