உப்பளத்தார் நலமும் நம் கடனும்

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது தமிழர் முதுமொழி. கூனிமேட்டை அடுத்த மரக்காணத்து அளங்களில் வெயிலில் நின்று உப்பு வாருவோரே நமக்கு முதலில் உப்பிட்டவர். அவர்தம் நலத்தை நாம் நினைந்தோமா?

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தார் 2017 முதல் 2020 வரை தமிழகத்தின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளரை ஆய்ந்தனர். நூற்றுக்கு 7 பேரிடம் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருக்கக் கண்டனர். வியர்த்து உடலின் நீர் வற்றுவது சிறுநீரகத்தை வருத்தும். கழிப்பறை இல்லாத களத்தில் பெண்களோ தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கின்றனர். நிழல், குடிநீர், கழிப்பறை, இடையிடையே ஓய்வு ஆகியன அரிய மருந்துகள் அல்லவே!

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் இல்லந்தோறும் மருந்து சேர்க்க வழிசெய்தது. 2024 அக்டோபரில் வெப்ப அலையும் மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பெற்றது. ஆய்வறிவு பல்கலைக்கழகத்திடம் உண்டு; ஆள்வலிமை அரசிடம் உண்டு. அவ்விரண்டும் அளத்து வரப்பில் கைகோத்தல் வேண்டும். சிறுநீரகப் பரிசோதனையும் அவர்தம் வாயிலுக்கு வருதல் வேண்டும். ஆய்வின் முடிவை எளிய தமிழில் அவர்தம் செவிக்குச் சேர்ப்பது தமிழ் பயிலும் நம் பங்கு. உப்பிட்டவர்க்கு நாம் ஆற்றும் நன்றிக்கடன் அதுவே.