சிப்பாங் பந்தயத் தளமும் மாலை மழையும்

மோட்டார் பந்தயம் என்றவுடன் வேகமே நம் நினைவிற்கு வரும். ஆயினும், சிலாங்கூரின் தென்பகுதியில் அமைந்துள்ள சிப்பாங் அனைத்துலகப் பந்தயத் தளத்தின் வரலாற்றில், வேகத்திற்கு ஈடாக மழைக்கும் பங்குண்டு.

1968ஆம் ஆண்டு முதல் பத்து தீகாவில் இருந்த தளமே நம் நாட்டின் முதன்மைப் பந்தயக் களமாக விளங்கியது. பின்னர் ஷா ஆலம் தளம் எனப் பெயர் பெற்ற அவ்விடத்தில்தான், 1991இல் மலேசியாவின் முதல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் நடைபெற்றது. பார்முலா 1 கார்களை வரவேற்கப் புதிய தளம் வேண்டியிருந்தது. ஜெர்மானியரான ஹெர்மன் டில்கேயின் வடிவமைப்பில், கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் அருகே அது எழுந்தது. 1999 மார்ச் 9ஆம் நாள் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது அதனைத் திறந்து வைத்தார். அவ்வாண்டு அக்டோபரில் நடந்த முதல் பார்முலா 1 பந்தயத்தில் எட்டி இர்வின் வாகை சூடினார்.

ஒரு சுற்றின் நீளம் 5.543 கிலோமீட்டர், வளைவுகள் 15. இரு நீண்ட நேர்பாதைகள் அருகருகே சென்று, ஒரு கொண்டை ஊசி வளைவில் இணைகின்றன. அவற்றின் இடையே பார்வையாளர் மாடம் அமைந்திருப்பதால், அங்கு அமர்ந்திருப்போர் இருபுறமும் காணலாம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அவ்வளைவில் வெகுவாக வேகம் குறைக்க வேண்டும். முந்திச் செல்லத் துணிவோர்க்கு அதுவே தருணம். பாதை அகலமாக இருப்பதால் இரு கார்கள் இணையாகத் திரும்பவும் இயலும்.

நம் நாட்டு வெப்பம் ஓட்டுநரை வாட்டுகிறது. மழையோ பந்தயத்தையே நிறுத்திவிடுகிறது. காய்ந்த பாதைக்குரிய டயர் வழவழப்பானது. நீர் தேங்கினால் அது தரையைத் தொடாமல் நீரின்மேல் மிதந்து வழுக்கும். ஆதலால் நீரை வெளியேற்றும் பள்ளங்கள் வெட்டிய டயரை மாற்றுவர். (பந்தய டயர்களில் பெரும்பகுதி செயற்கை ரப்பரே, நாம் வெட்டும் பால்மரத்தின் ரப்பர் விமானங்களுக்கும் கனரக லாரிகளுக்குமே மிகுதியாகத் தேவைப்படுகிறது.)

2009 ஏப்ரல் 5ஆம் நாள், ஐரோப்பியத் தொலைக்காட்சி நேயர்களின் வசதிக்காகப் பந்தயம் மாலை ஐந்து மணிக்குத் தொடங்கப்பட்டது. அந்நேரத்தில் மழை வருமா என்று நம் தோட்டங்களில் எவரைக் கேட்டிருந்தாலும் விடை கூறியிருப்பார். வானம் பிளந்தாற்போல் மழை கொட்டியது. 56 சுற்றுகளில் 31 மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டன. மழையோடு இருளும் சூழ்ந்ததால் பந்தயம் மீண்டும் தொடரவில்லை. வென்ற ஜென்சன் பட்டன் உள்ளிட்டோர் பாதிப் புள்ளிகளே பெற்றனர்.

இத்தளம் துயரமும் கண்டது. 2011 அக்டோபர் 23இல், இத்தாலிய மோட்டார் சைக்கிள் வீரர் மார்க்கோ சிமொன்செல்லி பதினோராவது வளைவில் வீழ்ந்து, பின்வந்த வண்டிகள் மோதி உயிர்நீத்தார். அவருக்கு வயது 24. அன்றைய பந்தயம் கைவிடப்பட்டது.

பார்முலா 1 நடத்தும் உரிமைக் கட்டணம் பெருந்தொகை. நுழைவுச்சீட்டு விற்பனையும் குறைந்தபோது, அதனைத் தொடர வேண்டாமென அரசு முடிவு செய்தது. 2017 செப்டம்பர் 29இல் நடந்த பயிற்சியின்போது, மழைநீர் வடிகாலின் மூடி ஒன்று பெயர்ந்து ரொமேன் குரோஜானின் டயரைக் கிழித்தது. அக்டோபர் முதல் நாள் நடந்த இறுதிப் பந்தயத்தில் மேக்ஸ் வெர்ஸ்டப்பன் வென்றார். மோட்டார் சைக்கிள் உலகப் பந்தயம் மட்டும் சிப்பாங்கில் தொடர்கிறது.