வீட்டு இசைக்கூடத்திற்கு ஒலிப்பெட்டி தெரிந்தெடுத்தல்

ஹோசூருக்குத் தென்மேற்கே கன்னட நாட்டெல்லையை ஒட்டிக் கிடப்பது தளி. குளிர்ச்சி மிக்க தட்பவெப்பத்தால் ‘சின்ன இங்கிலாந்து’ என்று பெயர் பெற்ற அவ்வூரிலே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் கலந்தொலிக்கக் கேட்கலாம். அங்கிருந்து நாடோறும் ஹோசூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் சென்று மீளும் நம் பழைய மாணவர் ஒருவர் சென்ற கோடையில் நம்மைக் கண்டு ஒரு யோசனை கேட்டார். அவர் தந்தையார் நாதசுரக்காரர். முதுமையால் மூச்சு குறைந்து வருகிறது. கச்சேரிக்குச் செல்வதில்லையாயினும் காலையில் சிறிது நேரம் வாசிக்கிறார். அவ்வாசிப்பை வீட்டிலேயே பதிவு செய்து, பின்னணி வாத்தியங்களைத் தாமே சேர்க்க வேண்டுமென்பது மகனின் அவா. கையிலிருந்தது ஆறு மாதச் சேமிப்பு. எந்த ஒலிப்பெட்டியை வாங்குவது? இவ்வினாவிற்கு விடை தேடியபோது நாம் கற்றவற்றை மற்ற அன்பர்களுக்கும் பயன்படுமென்று கருதி இங்கு வரைகின்றோம்.

முதலில் இப்பெட்டி யாதென விளங்கிக்கொள்வோம். கீபோர்டு எனப்படும் மின்னிசைக் கருவியில் விரல் படும் கட்டைகள் ஒரு பகுதி. ஒலியைப் பிறப்பிக்கும் உள்ளுறுப்பு மற்றொரு பகுதி. கட்டைகளை நீக்கி ஒலியுறுப்பை மட்டும் இரும்புப் பெட்டியில் அடைத்தால் அதுவே சவுண்ட் மாட்யூல். தொலைபேசி நிலையங்களில் வழங்கி வந்த 19 அங்குல அகலச் சட்டத்தில் திருகி நிறுத்தும்படி இரு பக்கமும் காதுகள் வைத்துச் செய்யப்பட்டது ரேக் வகையாம். அதன் உயரத்தை 1¾ அங்குல அலகால் அளப்பர். ஒரு கீபோர்டை வைத்துக்கொண்டு பல பெட்டிகளை இயக்கலாமாதலின் இடமும் பொருளும் மிஞ்சும்.

இவ்வாறு இயக்குதற்கு ஏற்பட்ட பொதுமொழியே மிடி என்பது. 1983-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் நடைபெற்ற இசைக்கருவி வணிகர் கண்காட்சியில், வெவ்வேறு நிறுவனத்தார் செய்த இரு கருவிகள் ஒரே கம்பியால் இணைக்கப்பெற்று ஒன்றன் சொற்படி மற்றொன்று ஒலித்தது. அம்முயற்சியில் முன்னின்ற அமெரிக்கரான டேவ் ஸ்மித்துக்கும் ஜப்பானியரான இக்குடாரோ காக்கேஹாஷிக்கும் 2013-இல் கிராமி தொழில்நுட்பப் பரிசு அளிக்கப்பட்டது. மிடிக் கம்பியில் ஒலி செல்வதில்லை. இன்ன சுரத்தை இன்ன அழுத்தத்தோடு ஒலி என்னும் கட்டளையே செல்கிறது. வினாடிக்கு 31,250 துடிப்பு என்பது அதன் வேகம். ஒரு சுரக் கட்டளைக்கு ஏறக்குறைய ஓராயிரத்தில் ஒரு வினாடி ஆகும். ஒரு கம்பியில் 16 தடங்கள் உண்டு. தமிழ்நாட்டில் இவ்வித்தை விரைவில் வேரூன்றியது. 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’வின் இசையை ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டிய பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்னும் கூடத்தில் உருவாக்கியதை அறியாதார் இல்லை. வீட்டிலும் இசைக்கூடம் அமைக்கலாமென்னும் துணிவு பலர்க்கு அதனாற் பிறந்தது.

இனி தெரிவுக்கு வருவோம். விற்போர் முதலில் எடுத்துச் சொல்வது ஒரே சமயத்தில் எத்தனை குரல்கள் ஒலிக்கும் என்னும் எண்ணிக்கை. 1989-இல் வந்த ஈ-மு நிறுவனத்தின் புரோட்டியஸ் 32 குரலுடையது. 1994-இல் வந்த ரோலண்டு ஜே.வி.1080 என்பதற்கு 64. 2000-இல் வந்த எக்ஸ்.வி.5080 என்பதற்கு 128. எண் பெரிதாயின் பெட்டி சிறந்ததென்று முடிவு கட்டலாகாது. சிறிதாயின் போதாதென்றும் சொல்லலாகாது. காரணம் யாதெனில், ஜே.வி.1080-இல் ஒரு வாத்திய ஒலியை நான்கு குரல்கள் சேர்ந்து ஆக்கக்கூடும். அங்ஙனமாயின் 64 குரல் 16 சுரமாகக் குறைந்துவிடும். தம்பூரா போல் விடாது ஒலிக்கும் சுருதியும் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். நம் நண்பருக்கு வேண்டுவது சுருதியும், மெல்லிய தந்தி வாத்தியக் கூட்டமும், சில தாள ஒலிகளுமே. அவருக்கு 64 தாராளம்.

ஒலிகளின் பெயர்ப் பட்டியலைக் கண்டும் மயங்கக் கூடாது. 1991-இல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி என்னும் பொது வரிசையில் 128 ஒலிகள் உள. அவற்றுள் சிதார் 105-ஆவது, ஷெனாய் 112-ஆவது. வீணை இல்லை, நாதசுரம் இல்லை, பத்தாம் தடத்துத் தாள வாத்தியங்களுள் மிருதங்கமும் இல்லை. சில பெட்டிகளில் கூடுதல் அட்டைகள் செருகி ஆசிய வாத்தியங்களைச் சேர்க்கலாம். ஆயினும் சீவாளியின் நடுக்கத்தை எந்த அட்டையும் தாராது. அதற்காகவே பணத்தை இரண்டாகப் பங்கிடும்படி நாம் வற்புறுத்தினோம். ஒரு பகுதி நல்ல மைக்கிற்கு, எஞ்சியது பெட்டிக்கு. தந்தையாரின் நாதசுரமே நாதசுரமாக இருக்கட்டும்.

நம் சங்கீதத்திற்கு மிக முக்கியமானவை மூன்று வசதிகள். அவற்றை விற்போர் தாமாகச் சொல்வதில்லை. நாதசுரம் தன் சுருதியில் நிற்கும். பெட்டிதான் அதற்கு இணங்க வேண்டும். இரண்டரைக் கட்டைக்குச் சிறிது ஏறியோ இறங்கியோ வாசிப்பவரோடு சேர வேண்டுமாயின், முழுப் பெட்டியின் சுருதியையும் அரைச் சுரத்தின் பாதியளவு மேலும் கீழும் நகர்த்த இயல வேண்டும். ஜே.வி. வகையில் இது 427.4 முதல் 452.6 ஹெர்ட்ஸ் வரை செல்லும். கட்டை மாற்றமும் உடனிருப்பதால் எந்தச் சுருதியையும் எட்டலாம். இரண்டாவது, சுரத்தானங்களைத் தனித்தனியே திருத்தும் வசதி. பியானோ முறையில் அந்தர காந்தாரம் ஆதார ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட் தூரத்தில் நிற்கிறது. இயற்கைத் தானமோ 386. அந்தப் 14 சென்ட் வேறுபாடு தம்பூராவின் மேல் நீண்டொலித்தால் பயிற்சி பெற்ற செவி பொறாது. மூன்றாவது கமகம். சுரத்தை வளைக்கும் சக்கரம் சாதாரணமாக இரண்டு அரைச்சுரமே வளைக்கும். வீணையின் இழுப்பிற்கு அது போதாது. பன்னிரண்டு வரை விரிக்கத்தக்க பெட்டியே வேண்டும். வளைவு ஒரு தடம் முழுவதையும் பற்றுமாதலால், கமகத்தோடு இசைக்கும் வாத்தியத்திற்குத் தனித் தடம் ஒதுக்குதல் அவசியம்.

பழைய பெட்டி வாங்குவோர் மின்சாரத்தைப் பற்றி எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். இதில் நாம் பட்டறிந்ததைச் சொல்ல வெட்கமேயாயினும் சொல்கின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவரிடம் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு ஜப்பானியப் பெட்டியை வாங்கினோம். அந்நாட்டு வீடுகளில் 100 வோல்ட். நம் நாட்டில் 230. விற்றவர் வாய் திறக்கவில்லை. நாமும் பின்புறத்தில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. சுவிட்சைப் போட்ட மாத்திரத்தில் புகை எழுந்தது. ஆகவே பின்புறத்தை முதலிற் படிக்க. வோல்ட் குறைந்திருப்பின், இறக்குமின்மாற்றியின் விலையையும் கணக்கில் சேர்க்க. பெங்களூர் எஸ்.பி. ரோட்டு மின்பொருள் கடைகளில் அது கிடைக்கும். தளியிலிருந்து பெங்களூர் தூரமன்று. உள்ளே காசு போன்ற சிறு பேட்டரி ஒன்றிருக்கும். அது ஓய்ந்தால் நாம் சேமித்த அமைப்புகள் மறைந்துபோம். திரை மங்குதல், குமிழ் திருகினால் எண் தாவுதல் ஆகியவை முதுமையின் அறிகுறிகள்.

‘கணினி இருக்கப் பெட்டி எதற்கு?’ என்று இக்கால மாணவர் வினவுவர். நியாயமான கேள்வியே. ரோலண்டு நிறுவனத்தாரே ஜே.வி.1080-ஐக் கணினி மென்பொருளாகவும் வெளியிட்டுள்ளனர். நல்ல கணினி உள்ளவர்க்குப் பழைய பெட்டி வேண்டுவதில்லை என்பதே நம் கருத்து. அழகுக்காக வாங்குவோரைப் பற்றி நாம் பேசவில்லை. நண்பரின் கணினியோ பழையது. வாசிக்கும்போதே பின்னணியும் ஒலிக்க வேண்டுமென்றால் அது தடுமாறிற்று; ஒலி தாமதித்து வந்தது. தாமதத்தைக் குறைத்தால் வெடிப்பொலி கேட்டது. பெட்டியோ சுவிட்சு போட்டதும் பேசும். கணினிக்குப் பதிவு வேலை மட்டும் எஞ்சியது.

முடிவில் அவர் இரண்டலகு உயரமுள்ள பழைய ஜே.வி.1080 ஒன்றை, நேரில் சென்று ஒரு மணி நேரம் இசைத்துப் பார்த்த பின்னரே வாங்கினார். பின்புறத்தில் 230 வோல்ட் என்றிருந்ததை நம்மிடம் இருமுறை சொன்னார். பேட்டரியை மாற்றினார். முதல் நாள் சுருதி சேர்ப்பதற்கே காலைப்பொழுது கழிந்தது. தந்தையார் வாசித்து நிறுத்தி, ‘இன்னும் கொஞ்சம் ஏத்துப்பா’ என்று சொல்லச் சொல்ல, மகன் எண்களை ஒவ்வொன்றாக உயர்த்தினாராம். 443-க்கு அருகில் கிழவர் தலையசைத்துவிட்டு மீண்டும் சீவாளியை வாயில் வைத்தார்.