எதிரே நிற்பவன் அடிக்கக்கூடிய பந்து

அன்புள்ள தம்பிக்கு,

திண்டிவனத்தில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாய் என்று கேட்டு மனசு நிறைந்தது. நீ அனுப்பிய வீடியோவில் உன் ஃபோர்ஹாண்டு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கண் எதிர்ப்பக்கம் நின்ற பையன்மேல்தான் போனது. நீ போட்ட பந்தில் பாதியை அவனால் தொடவே முடியவில்லை. அதற்காகத்தான் விழுப்புரத்திலிருந்து இந்தக் கடிதம். இதைச் சொல்ல, மறைந்த என் நண்பரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவர் உங்கள் ஊரில் ஒரு கிளப்பில் மார்க்கராக இருந்தவர். செம்மண் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டி, ஆள் குறைந்தால் மெம்பர்களோடு ஆடவும் செய்வதுதான் மார்க்கர் வேலை. சாயங்காலம் வருகிற முன்சீப், தாசில்தார், டாக்டர் எல்லாரையும்விட நன்றாக ஆடத் தெரிந்தவர் அவர்தான். ஆனாலும் கிளப் நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதை அடக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அவரை அப்படி நிற்க வைத்தது. அவருடைய அடக்கத்தை அவர் அடிக்கிற பந்தில் பார்க்க வேண்டும்.

வயதான அதிகாரி ஒருவர் எதிரே நிற்கிறார் என்று வை. பந்து அவருடைய இடுப்பு உயரத்தில், வலது பக்கம், ஒரே ஒரு எட்டு வைத்தால் கிடைக்கிற தூரத்தில் வரும். அந்த ஒரு எட்டில்தான் வித்தை இருக்கிறது. நின்ற இடத்திலேயே கையில் கொடுத்தால் பிச்சை போட்டது போல ஆகிவிடும், வாங்குகிறவருக்குக் கூசும். மூன்று எட்டு தள்ளிப் போட்டால் ஆட்டமே அறுந்துபோகும். கொஞ்ச நாளில் அதே மனிதருக்கு ஒன்றரை எட்டு, பிறகு இரண்டு. தான் ஓட ஆரம்பித்துவிட்டது அந்த அதிகாரிக்கே தெரியாது. நண்பரின் பார்வை எப்போதும் எதிரே நிற்பவரின் காலில்தான் இருக்கும். எந்தக் காலில் பாரம் இருக்கிறது என்று பார்த்துத்தான் அடுத்த பந்தை விடுவார். பந்து போடும் மெஷின் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வசதி இருந்தால் வாங்கு. ஆனால் அது யார் காலையும் பார்க்காது.

பந்து பொறுக்க வந்த பையன்களுக்கு அவர் காலை வேளையில் சொல்லிக்கொடுத்தார். மெம்பர்கள் கழித்துப்போட்ட பந்துகளை ஒரு கோணிப்பையில் சேர்த்து வைத்திருப்பார். மேலே இருக்கும் ரோமம் உதிர்ந்து, உள்ளே காற்று இறங்கி, தரையில் பட்டால் முழங்காலுக்கு மேல் எழும்பாத பந்துகள். "சின்னக் கைக்கு சோம்பேறிப் பந்துதான் சரி, வாத்தியாரே" என்பார் என்னிடம். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012-ல்தான் 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மெதுவான பந்துகளைக் கட்டாயமாக்கியது. அதில் சிவப்புப் பந்து சாதாரணப் பந்தைவிட ஏறத்தாழ 75 சதவீதம் மெதுவானது. வீடியோவில் உன் பையனுக்கு எட்டு வயதுதான் இருக்கும். அவனிடம் மஞ்சள் பந்தைக் கொடுக்காதே.

வலையின் நடு உயரம் 3 அடி இருக்க வேண்டும் அல்லவா? ஒரு மர ராக்கெட்டை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் இன்னொன்றின் தலையைக் குறுக்கே வைத்துப் பார்ப்பார். 27 அங்குலமும் 9 அங்குலமும் சேர்ந்து 36. இப்போதைய ராக்கெட்டுகளின் தலை இன்னும் அகலம். நீ டேப் வைத்தே அள.

அவருக்கு ராமநாதன் கிருஷ்ணன் என்றால் உயிர். கிருஷ்ணன் 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றவர். 1960, 1961 இரண்டு வருஷமும் அங்கே அரையிறுதி வரை போனார். அவரைத் தோற்கடித்த நீல் ஃப்ரேசரும் ராட் லேவரும்தான் அந்தந்த வருஷம் பட்டம் வென்றார்கள். இத்தனைக்கும் கிருஷ்ணனின் சர்வீஸில் வேகம் கிடையாது. இடம் பார்த்து வைக்கிற ஆட்டம். 1966-ல் கல்கத்தாவில் பிரேசிலின் தோமாஸ் கோச்சுக்கு எதிராக நான்காவது செட்டில் 2-5 என்று பின்தங்கி, 7-5, 6-2 என்று மீண்டதை நண்பர் வாய் ஓயாமல் சொல்வார். அந்த வெற்றியில்தான் இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. தான் ஜெயித்த ஆட்டம் எதையாவது சொல்லச் சொன்னால் மட்டும் உருளையை இழுக்கக் கிளம்பிவிடுவார்.

2004 ஜனவரியில், கார்லோஸ் மோயா பட்டம் வென்ற அந்தச் சென்னை ஓபனுக்கு, தன் காசில் டிக்கெட் எடுத்து சில பையன்களை நுங்கம்பாக்கத்துக்கு ரயிலில் கூட்டிப்போனார். "மோயாவை அப்புறம் பாருங்கடா. அதோ பிராக்டிஸ் கோர்ட்டுல எதிர்ல நின்னு பந்து குடுக்கிறான் பாரு, அவனப் பாருங்க" என்றாராம். அன்று போன ஒருவன் பின்னாளில் என்னிடம் சொன்னது.

ஒரு விஷயத்தில் அவரைப் பின்பற்றாதே. அவர் யாரிடமும் கட்டணம் வாங்கியதில்லை. அதனால் அவர் வீட்டார் பட்ட பாடு எனக்குத் தெரியும். கொடுக்க முடிந்தவர்களிடம் நீ தயங்காமல் வாங்கு. ஷூ இல்லாமல் வருகிற பையனுக்கு அந்தப் பணத்திலிருந்து ஒரு ஜோடி வாங்கிக் கொடு. மற்ற பையன்கள் முன்னால் கொடுக்காதே. அவர் பழைய ராக்கெட் உறையில் போட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் கொடுப்பார்.

கோட்டை ஒட்டி விழுந்த பந்தில் சந்தேகம் வந்தால் எதிராளிக்கே கொடுக்கச் சொல்லிப் பழக்கு. நடுவர் இல்லாத ஆட்டத்தில் விதியும் அதுதான். செம்மண்ணில் பந்தின் தடம் தெரியும். தன் பக்கம் விழுந்த தடத்தைக் குனிந்து பார்க்கக்கூடப் போகமாட்டார் நண்பர்.

2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அதில் உங்கள் கோர்ட்டின் மேல்மண் அரித்துப் போனதாக எழுதியிருந்தாய். ஐப்பசி பிறப்பதற்குள் சுற்றிலும் வாய்க்கால் வெட்டி, மண்ணைச் சலித்துப் போட்டுவிடு. உருளையைப் பையன்களோடு நீயும் சேர்ந்து இழு. வடக்கு மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்றாயே, அடுத்த ஞாயிறு நானே வருகிறேன். வாட்டம் எந்தப் பக்கம் என்று நூல் பிடித்துப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் வாத்தியார்