கடற்கரை மண்ணும் கதிர்த்தொழிற்பாட்டு மூலகங்களும்

திருகோணமலைக்கு வடக்கேயுள்ள புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலை நம்மிற் பலர் கண்டிருப்போம். இல்மனைற்று முதலிய கனிப்பொருள்களோடு மொனசைற்று என்பதும் சிறிதளவு அதிற் கலந்துள்ளது. மொனசைற்றினுள்ளே தோரியம் உண்டு. அதன் அரைவாழ்வுக்காலம் ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள். இத்தகைய கதிர்த்தொழிற்பாட்டு மூலகங்கள் கரையோர நிலத்தில் எவ்வாறு இடம்பெயர்கின்றன என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தோரியம் நீரிற் கரைவது மிக அரிது. ஆதலின் அது மணலோடு மணலாகவே செல்லும். பாறைகள் சிதைய, ஆறுகள் அச்சிதைவுகளைக் கடலிற் சேர்க்கின்றன. அலைகள் பாரங்குறைந்த வெண்மணலை வாரிச் செல்ல, பாரமான கனிப்பொருள்கள் கரையிலே தங்கிச் செறிகின்றன.

யுரேனியத்தின் இயல்பு வேறு. ஒட்சிசன் உள்ள நீரில் அது காபனேற்றுடன் சேர்ந்து எளிதிற் கரையும். கடல்நீரில் இலீற்றருக்கு ஏறக்குறைய 3 மைக்குரோகிராம் யுரேனியம் உண்டு. ஒட்சிசன் அற்ற கருஞ்சேற்றை அடைந்ததும் அது தாழ்த்தப்பட்டு, கரையா நிலையெய்திப் படிந்துவிடும்.

இரேடியமும் சீசியமும் மூன்றாம் வகையின. நன்னீரில் இவை களியையும் மணலையும் பற்றிக்கொள்ளும். உவர்நீர் புகுந்தாலோ, அதிலுள்ள ஏராளமான அயன்கள் அவ்விடங்களைக் கைப்பற்ற, இவற்றில் ஒரு பகுதி விடுபட்டு நீருட் செல்லும். கீரிமலையிற்போல நிலத்தடி நன்னீர் கடலோரத்திற் கசியும் இடங்கள் உலகெங்கும் உள. அவ்வாறு கடலுட் செல்லும் நீரின் அளவை மதிப்பிட ஆய்வாளர் இரேடியத்தையே அடையாளமாகக் கொள்கின்றனர்.

இவ்வுண்மையின் பாரத்தை யப்பான் நாட்டிற் காண்கின்றோம். 2011 இல் புக்குசிமா அணுமின்னிலையம் சிதைந்தபோது, 30 ஆண்டு அரைவாழ்வுடைய சீசியம்-137 கடலிற் கலந்தது. அது பல கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கடற்கரைகளிலும் மணலிற் பற்றியது. அக்கடற்கரைகளின் கீழுள்ள உவர்கலந்த நீரில், அயற்கடலினும் மிகுதியாகச் சீசியம் இருத்தல் 2017 இல் வெளியான ஆய்வாற் புலனாயிற்று. அந்நீரை எவரும் பருகுவதில்லை என்பது ஆறுதலே. ஆயினும் அலையும் வற்றுப்பெருக்கும் அதனைச் சிறிது சிறிதாகக் கடலுக்கே மீளக் கொடுக்கின்றன.

இதனால் நாம் கற்பது யாது? மண் பற்றியதை என்றும் விடாது என்று கருதுதல் பிழை. பற்றுவதும் விடுவதும் அதனை நனைக்கும் நீரைப் பொறுத்தவை. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும் என்பதை நாம் அறிவோம். ஆகவே கரையோரத்திற் கழிவுகளைப் புதைக்க முற்படுவோர் எந்நாட்டவராயினும், இன்று அங்குள்ள நன்னீரை மாத்திரமன்றி, நாளை ஏறக்கூடிய உவர்நீரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.